வடிவின் கைச்சூடு

வடிவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது கெட்டுப்போனாலும் அதற்குக் காரணம் தான்தான் என்று எடுத்துக்கொள்வாள். பால் திரிந்தாலும் சரி, பக்கத்து வீட்டு மோட்டார் புகைந்தாலும் சரி. அதனால் அன்று காலை பிரிட்ஜைத் திறந்ததும் அவளுக்குத் திக்கென்றதில் வியப்பில்லை.

உள்ளே மகள் கீர்த்தியின் குப்பிகள் இரண்டு இருந்தன. சுண்டுவிரல் நுனி அளவுதான். ஒன்றுக்கு நீல மூடி, மற்றதற்கு வெள்ளை மூடி. கீர்த்தி ஏனாத்தூர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. லேப் பிரிட்ஜ் படுத்துவிட்டதென்று நேற்று சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்போது இரண்டும் தண்ணீராகத் தெளிந்திருந்ததை வடிவு தன் கண்ணாலேயே பார்த்தாள். இப்போதோ இரண்டும் வடித்த கஞ்சியாகக் கலங்கிக் கிடந்தன.

சார்ஜர், தண்ணீர் பாட்டில், குடை எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கே கிளம்பிய மகாராணி, குப்பிகளை மட்டும் மறந்துவிட்டாள். எட்டு மணிக்குப் போன் வந்தது. பத்து மணிக்கு மைக்ராஸ்கோப்பு அவளுக்கு ஒதுக்கியிருக்கிறார்களாம். இதை விட்டால் அடுத்த மாதம்தானாம். குப்பிகளை ஐஸ் டப்பாவில் வைத்து எடுத்துவரச் சொன்னாள். கலங்கியதைச் சொல்ல வடிவுக்கு வாய் வரவில்லை.

அந்தக் குப்பிகளின் கதை அவளுக்கு ஓரளவு தெரியும். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சுவரே இல்லாத அறைகள் உண்டாம். வேண்டிய சரக்கெல்லாம் துளியாக ஓரிடத்தில் கூடுமாம், வேலையை முடிக்குமாம், பிறகு கலைந்துவிடுமாம். சுவர் இல்லாமல் அது என்ன அறை என்று வடிவு முதலில் சிரித்தாள். அப்புறம் பெரிய காஞ்சிபுரத்தில் தன் தெருவையே நினைத்துப் பார்த்தாள். விடிந்ததும் தறிக்கான பட்டு நூலை நடுத்தெருவில் நீளப் பாவாக நீட்டிக் கஞ்சி போடப் பத்து வீட்டு ஆட்கள் கூடுவார்கள். தெருவே பட்டறையாகிவிடும். பாவைச் சுருட்டிவிட்டால் அதே இடத்தில் ஆட்டோ ஓடும்.

கூடியது கலையாமல் இறுகிப்போனால் சில வியாதிகள் வரும் என்றாள் கீர்த்தி. வடிவின் தம்பி தேவேந்திரனுக்கு வந்திருப்பதும் அப்படிப்பட்டதுதானாம். நாற்பத்தோரு வயது அவனுக்கு. தறியில் நாடா எறிந்து பட்டு நெய்த கையால் இப்போது டீ டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மாமனுக்காகவே இந்தப் படிப்பை எடுத்தவள் கீர்த்தி. அவளுடைய மூன்று வருஷ உழைப்பில் தான் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று வடிவு தன்னையே நொந்துகொண்டாள்.

குளிரில் கஞ்சி கெட்டியானால் என்ன செய்வார்கள்? இளஞ்சூடு காட்டுவார்கள். அன்று விடியற்காலையில்கூடத் தெருவில் அதைத்தான் செய்துவிட்டு வந்திருந்தாள். ஐஸ் டப்பாவைப் பையில் போட்டாள், குப்பிகளை வலது கைக்குள் இறுக்கிக்கொண்டாள். பஸ்ஸில் அந்தக் கையைத் திறக்கவே இல்லை. இடது கையால் கம்பியைப் பிடித்தபடி, பர்ஸை முகவாயால் காட்டி, பக்கத்து சீட்டுப் பெண்ணை டிக்கெட் எடுக்கவைத்தாள். கண்டக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏனாத்தூரில் இறங்கிக் கையை விரித்தாள். நீல மூடிக் குப்பி பளிச்சென்று தெளிந்திருந்தது. வெள்ளை மூடி அப்படியே கலங்கலாக இருந்தது. கேட் வரை இறுக்கிப் பிடித்தபடியே நடந்தும் அது மசியவில்லை.

கேட்டில் நின்ற மகளிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தாள்.

"ரெண்டுமே கெட்டுப்போச்சும்மா. ஒண்ணைத்தான் சரி பண்ண முடிஞ்சுது."

கீர்த்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நீலக் குப்பியை ஐஸில் வைத்துக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் வெளுத்துக் கலங்கியது. கையில் பொத்திவைத்தாள், மறுபடி தெளிந்தது. இந்தப் புரதம் குளிரில் கூடும், சூட்டில் கலையும், கெட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்றாள். வடிவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்போ வெள்ளை மூடி?"

கீர்த்தியின் சிரிப்பு அடங்கியது. "அது மாமாவுக்கு வந்துக்கிற மாதிரி வியாதிலே இருக்கிற புரதம்மா. ராத்திரி முழுக்கக் கூடிக்கினே இருந்து இறுகிடுச்சு. இனிமே சூடு காட்டினாலும் கலையாது. அதைப் படம் எடுக்கத்தான் மைக்ராஸ்கோப்பு கேட்டேன்."

வெள்ளைக் குப்பியையும் வாங்கக் கை நீட்டினாள். மணி பத்தாக இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. வடிவு அதைத் தரவில்லை.

"பத்து வரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்மா" என்று சொல்லி, அதை இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

கீர்த்தி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். வேப்பமரத்தடி பெஞ்சில் அம்மாவை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.