நிலாவுக்கு லைசென்ஸ்

நிலா தலையாட்டுகிறது என்று என் மனைவி சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கார் அலாரம் அடித்தது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் அலாரம் அடித்தது உண்மை. காரணம் வேறாக இருக்கலாம்.

அவள் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவள். ஒரே பல்லை வெவ்வேறு சமயத்தில் எடுத்த இரண்டு படங்களைக் கையில் கொடுத்தால், பல் மயிரிழை சாய்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஓய்வுக்குப் பிறகு எட்டிப் பார்க்க வாய் கிடைக்கவில்லை, வானத்துக்குப் போய்விட்டாள். மொட்டைமாடியில் ஒரு தொலைநோக்கி, அதன் முனையில் ஒரு கேமரா. மேகமில்லாத நாளெல்லாம் நிலாவுக்கு எக்ஸ்ரே. வருடக்கணக்காக. "ஆடாம இரு, ஆடாம இரு" என்று அவள் நிலாவை அதட்டுவதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

"ஆனா அது ஆடுதுங்க" என்றாள். "வலது ஓரத்துல முட்டை மாதிரி ஒரு கறை இருக்கு பாருங்க. ஒரு நாள் உள்ள தள்ளி வருது, ஒரு நாள் ஓரத்துக்கு ஓடிப்போகுது. புஸ்தகத்துலயும் போட்டிருக்கான். ஆனா நான் எடுத்த படத்துல நான் பாக்கணும். எல்லாத்தையும் வரிசையா அடுக்கி ஓட்டினா தெரிஞ்சுடும்."

அடுக்கத்தான் முடியவில்லை. எங்கள் பழைய கம்ப்யூட்டர் முப்பது நிலாவுக்கு மேல் தாங்காது. மூச்சுத் திணறி, விசிறி அலறி, அப்படியே உறைந்துவிடும். போதாக்குறைக்கு அதன் ஹார்ட் டிஸ்க் கொஞ்ச நாளாக 'டக், டக்' என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் எடுத்த நிலா அத்தனையும் அந்த ஒரே டிஸ்கில். வேறு பிரதி கிடையாது.

"புதுசா ஒண்ணு கட்டிடறேன்" என்றேன்.

"நீங்களா?"

"நாப்பது மாடிக்கு ஜனங்களைத் தூக்கினவன் நான். ஒரு டப்பா கட்ட மாட்டேனா?"

நான் லிஃப்ட் மெக்கானிக். கட்டடம் பன்னிரண்டு மாடிதான். என் வாயில் அது வளர்ந்துகொண்டே போகும்.

கம்ப்யூட்டர் சாமான் கடையில் ஒரு அம்மாள் தனியாளாக உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "என்ன வேலைக்கு சார் கம்ப்யூட்டர்?" என்றார்.

"நிலாவை ஆட்ட."

அவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார். அவள் விளக்கமாகச் சொன்னாள். அந்த அம்மாள் இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். கனம் என்று பார்த்தால் ரெண்டு ஏடிஎம் அட்டையை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுபோல.

"இதாம்மா டிரைவ். உங்க நிலா எல்லாம் இதுல உக்காந்துரும். இன்னும் பல வருஷத்து நிலாவுக்கும் இடம் இருக்கும்."

நான் குனிந்தேன். "இதுல எதும்மா சுத்தும்?"

"எதுவும் சுத்தாது சார்."

"மோட்டார்?"

"இல்லை."

"பேரிங்? கிரீஸ்? சத்தமாவது வருமா?"

"ஒண்ணும் கிடையாது."

"அப்ப உசுரோட இருக்கான்னு எப்படிம்மா தெரியும்?"

"வேலை செய்யும் சார்" என்றார் அந்த அம்மாள், ரொம்பப் பொறுமையாக.

வாழ்நாள் முழுக்கச் சுற்றுகிற சாமான்களோடு குடும்பம் நடத்தியவன் நான். கயிறு, சக்கரம், எதிர்எடை. நகராமலே இத்தனையையும் சுமக்கிற பொருளைப் பார்த்ததில்லை. எனக்குப் புல்லரித்ததில் சட்டைப் பொத்தான் தெறித்திருக்க வேண்டும்.

"பிரதி எடுத்து வைக்க ஒரு சுத்துற டிஸ்கும் எடுத்துக்குங்க" என்றார் அந்த அம்மாள். "ஒரே எடத்துல எல்லாத்தையும் வைக்காதீங்கம்மா, கேக்கவே பயமா இருக்கு." பிறகு லைசென்ஸ் பேச்சுக்கு வந்தார். "விண்டோஸ்ல ரெண்டு வகை லைசென்ஸ் வருது. ஒண்ணு உள்ள இருக்கற மதர்போர்டோட ஒட்டிக்கிட்டது. போர்டு போச்சுன்னா அதுவும் போச்சு. இன்னொண்ணு உங்களோடது. நாளைக்கு வேற மிஷின் வாங்கினாலும் கூட வந்துடும்."

"முதல் வகை எங்க குடும்பத்துல ஒண்ணு இருக்கு" என்றேன். "என் மச்சினன். சோபாவோட ஒட்டிக்கிட்டது."

என் விலாவில் ஒரு இடி விழுந்தது.

"மூணாவதும் ஒண்ணு உண்டு" என்றார் அந்த அம்மாள். "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ். அதை யாரு வேணா எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம்."

"யாரும்மா குடுக்கறா?"

"உலகம் பூரா ஆளுங்க உக்காந்து எழுதுறாங்க சார். ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது."

வாயைப் பிளந்தேன். நான் ஒரு ஸ்பேனரை இரவல் கொடுத்தால் திரும்பி வரும்வரை தூங்காதவன். ஆனால் நிலாப் படங்களைச் சேர்த்து ஓட்ட என் மனைவி வைத்திருக்கிற மென்பொருள் லினக்ஸில் ஓடாதாம். அதனால் கூட வருகிற வகை விண்டோஸையே எடுத்தோம்.

அவள் டப்பாக்களைப் பார்க்க உள்ளே போனாள். அப்போது கடைக்கார அம்மாள் என்னிடம் நிலா மென்பொருளைப் பற்றி ஏதோ சொன்னார். நானோ அந்தப் பட்டையைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, பௌர்ணமி எந்த மூலையில் உட்காரும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவர் பேசி முடித்ததும் மரியாதைக்குத் தலையாட்டி வைத்தேன்.

மறுநாள் காலை வேலையை ஆரம்பித்தேன். முறைப்படி மெயின் சுவிட்சை அணைத்து, 'ஆள் வேலை செய்கிறார்' என்ற அட்டையைத் தொங்கவிட்டேன். குளியலறையிலிருந்து என் மனைவி போட்ட சத்தத்தை இங்கே எழுதுவதற்கில்லை.

லிஃப்ட் வேலையில் குழி ஒன்றுதான். பழைய கூண்டை முழுசாக இறக்கினால்தான் புதியது ஏறும். இறக்கிய சாமான் அன்றைக்கே இடத்தைக் காலி பண்ண வேண்டும், இல்லாவிட்டால் பழைய திருகும் புதிய திருகும் கலந்துவிடும். எனக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். பழைய கம்ப்யூட்டரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினேன். ஒவ்வொரு வயருக்கும், அது போகிற ஒவ்வொரு ஓட்டைக்கும் ஜோடி ஜோடியாக லிஃப்ட் லேபிள் ஒட்டினேன். வேலையிலிருந்து வந்தபோது கூடவே வந்த லேபிள் கட்டு. ஹார்ட் டிஸ்கை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதை என் மச்சினனிடம் தூக்கிக் கொடுத்தேன். போர்டின் நடுவில் துளை போட்டு, முள் வைத்து, சுவர்க் கடிகாரம் செய்யப்போவதாகச் சொல்லியிருந்தான்.

மத்தியானத்துக்குள் புதியது எழுந்தது. பொத்தானை அமுக்கிவிட்டுக் கொட்டாவி விட வாயைத் திறந்தேன். மூடுவதற்குள் திரை தயாராக நின்றது. சத்தமே இல்லை. நான் டப்பாவில் காதை வைத்துப் பார்த்தேன். "டாக்டர், பிழைக்குமா?" என்றாள் என் மனைவி. பழைய டிஸ்கைச் செருகி நிலாக்களை எல்லாம் இரண்டு இடத்தில் பிரதி எடுத்தோம். பிறகு அவள் நிலா மென்பொருளை ஏற்றி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திறந்தாள்.

திரையில் ஒரே ஒரு கட்டம் வந்தது. இந்த உரிமம் வேறொரு கணினிக்கு உரியது. அந்தக் கணினியிலிருந்து நகர்த்தவும்.

"கம்பெனிக்கு ஒரு போன் போட்டுட்டா..." என்றேன்.

"அந்தக் கம்பெனியை எப்பவோ மூடிட்டாங்க."

"படத்தை வேற எதுலயாவது தொறந்துக்கலாமே?"

"தொறக்காதுங்க. ஒவ்வொரு நாளும் நூத்துக்கணக்குல எடுத்து, அதையெல்லாம் ஒண்ணாச் சேத்து, இந்த மென்பொருளோட பெட்டியில பூட்டித்தான் வெச்சிருக்கேன். இது தொறந்தாத்தான் நிலா." அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயம்.

கடைக்கு போன் போட்டேன். ஒலிபெருக்கியில் அந்த அம்மாள் தெளிவாகச் சொன்னார்: "நேத்தே சொன்னேனே சார்? பழைய மிஷினைப் பிரிக்கறதுக்கு முன்னாடி, அதுல இருந்து லைசென்ஸை ஒரு பென் டிரைவுக்கு நகர்த்திடுங்கன்னு? நீங்ககூடத் தலையாட்டினீங்களே?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். சொத்தைப் பல்லைப் பார்க்கிற பார்வை.

அடுத்த போன் மச்சினனுக்கு. எடுத்தவுடன் கேட்டது துளை போடும் மிஷின் சத்தம்.

"டேய், நிறுத்துடா!"

"என்ன மாமா, கேக்கலை!"

"போர்டுல துளை போட்டுட்டியா?"

"இப்பத்தான் நடுவுல பேனாவால புள்ளி வெச்சேன். ஏன் மாமா, பெரிய முள் வேணுமா?"

"தம்பி" என்றாள் என் மனைவி. "அந்த மிஷினைக் கீழ வை. அதுக்குள்ளதான் என் நிலா இருக்கு."

பக்கத்துத் தெருவிலிருந்து அவன் வந்த வேகத்துக்கு என்னுடைய எந்த லிஃப்டும் ஈடாகாது. போர்டைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வயர்க் கட்டையும் பவர் பெட்டியையும் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடி வந்தான். சோபாவிலிருந்து அவன் அவ்வளவு தூரம் வந்து நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டு மேஜைமேல் ஒரு பலகையைப் போட்டு, டப்பா இல்லாமல் வெறும் போர்டாகவே கோத்தோம். லேபிள்தான் காப்பாற்றியது. "'கதவு' எங்க மாமா போகும்?" "'கதவு' ஓட்டையில போடு." "இங்க 'அதிக எடை'ன்னு ஒண்ணு தொங்குது." "அது டிஸ்குக்கு." "பொருத்தமாத்தான் வெச்சிருக்கீங்க, அக்காவோட நிலாவெல்லாம் அதுலதானே." எல்லாம் கோத்தாயிற்று. ஆனால் ஆரம்பிக்கப் பொத்தான் இல்லை. அது டப்பாவோடு மச்சினன் வீட்டில். போர்டில் அதற்குரிய இரண்டு ஊசிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. திருப்புளி முனையால் இரண்டையும் ஒரு நொடி சேர்த்துத் தொட்டால் போதும், உயிர் வந்துவிடும். நானோ திருப்புளியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"இப்படிக் குடுங்க" என்றாள்.

எத்தனையோ ஆயிரம் வாய்களுக்குள் நடுங்காமல் போன கை. தொட்டாள். விசிறி சிலிர்த்துக்கொண்டு சுற்றியது. டிஸ்க் 'டக்' என்றது. 'டக், டக்' என்றது. அந்தக் கிழட்டு மிஷின் மாடி மாடியாக நின்று நின்று ஏறி வந்தது. அவள் மென்பொருளைத் திறந்து, 'உரிமத்தை நகர்த்து' என்பதைத் தேடிப் பிடித்து அமுக்கினாள். பென் டிரைவின் சின்ன விளக்கு கண் சிமிட்டியது.

நகர்ந்தது.

பென் டிரைவைப் பிடுங்கிய கொஞ்ச நேரத்தில் டிஸ்க் 'டக்' என்று ஒரு முறை சொல்லி நின்றுவிட்டது. மறுபடி தொட்டுப் பார்த்தோம். எழவில்லை. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, மச்சினன் சாட்சி.

புதிய மிஷினில் பென் டிரைவைச் செருகினாள். கட்டம் மறைந்தது. முதல் நிலா திறந்தது. திரைச்சீலையை இழுத்து மூடினோம். அவள் எல்லா நிலாக்களையும் தேர்ந்தெடுத்து வரிசையில் போட்டாள். நான் வழக்கம்போல மூச்சுத் திணறலை எதிர்பார்த்தேன். அந்தச் சுண்டுவிரல் பட்டை அத்தனையையும் ஒரே வாயில் விழுங்கியது. ஓட்டு என்று அமுக்கினாள்.

நிலா வளர்ந்தது, தேய்ந்தது, மறுபடி வளர்ந்தது. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அதோடு கூடவே அது கொஞ்சம் பெரிதானது, சிறிதானது, பக்கத்தில் வந்து விலகிப் போவதுபோல. மூச்சு விடுவதுபோல. அந்த முட்டைக் கறை ஓரத்திலிருந்து உள்ளே வந்தது, திரும்பி ஓரத்துக்குப் போனது. மேல் விளிம்பு நம் பக்கம் குனிந்தது, பின்னால் சாய்ந்தது. மெதுவாக, நிதானமாக, எதையோ ஒப்புக்கொள்வதுபோல நிலா தலையாட்டிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து என் தலைக்கு மேலே இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. கயிறில்லை. எதிர்எடை இல்லை. சத்தமில்லை.

ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அதைவிடப் பெரிதாகச் சொல்ல எதுவும் வரவில்லை.

"அக்கா, மாமாவைப் பாரேன்" என்றான் மச்சினன். "கூடவே தலையாட்டறார்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கண் நனைந்திருந்தது, வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. "இந்தத் தடவையாவது காதுல விழுந்துதா?"

"இன்னொரு தரம் ஓட்டு" என்றேன்.

பல தரம் ஓட்டினோம். பிறகு அவள் பூட்டு இல்லாத, எதிலும் திறக்கிற ஒரு படமாக அதைச் சேமித்து, இணையத்தில் ஏற்றப் போனாள். அங்கே ஒரு கேள்வி நின்றது. இதற்கு என்ன உரிமம்? கீழே வரிசையாக வகைகள். யாரும் தொடக்கூடாது என்பதிலிருந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுவரை.

"பாத்துப் போடு" என்றேன். "நிலாவுக்கு லைசென்ஸ் குடுக்கற ஆளு ஆயிட்ட நீ."

அவள் யோசிக்கவே இல்லை. கடைசி வகையை அமுக்கினாள். என் ஸ்பேனர்கள் நினைவுக்கு வந்தன. அவள் திரைச்சீலையை விலக்கினாள். வெளியே இன்னும் இருட்டவில்லை. எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே வெள்ளையாக, பாதியாக அது வந்து நின்றிருந்தது.

மூன்று பேரும் ஜன்னலுக்கு ஓடினோம். ஆடாமல்தான் இருந்தது. நான் நம்பவில்லை.