முத்திரை விழும்போதெல்லாம்

நான்காவது முறையாக அந்த ஆபீஸின் படியேறினாள் ஒயர்க்காரி. அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் எந்நேரமும் தோளில் கேபிள் சுருளோடு திரிகிறவளை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? மூன்று மாதத்துக்கு முன்னால் சம்பள வேலையை உதறிவிட்டுச் சொந்தமாக நெட்வொர்க் தொழில் ஆரம்பித்தவள். சரக்கு அனுப்பும் இந்தச் சின்ன ஆபீஸைத் தவிர வேறு வாடிக்கையாளர் கிடையாது. இதுவும் கைநழுவினால் பழைய மேனேஜர் முன்னால் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். அந்த ஆள் சிரிக்கப்போகிற சிரிப்பு இப்போதே அவள் காதில் கேட்டது.

வியாதி இதுதான். ஒரு மாதமாக ஆபீஸ் சர்வருக்கு நெட் திடீர் திடீரென்று போய்விடும். இரண்டு நிமிடத்தில் தானே வந்தும்விடும். ஆனால் துறைமுகத்துக்கு அனுப்ப முக்கால்வாசி நிரப்பி வைத்த படிவம் அதற்குள் பாழாகிவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூன்று முறை வந்து ரவுட்டரை மாற்றினாள், அதன் அடாப்டரை மாற்றினாள், வெளியிலிருந்து வரும் லைனையும் சோதிக்க வைத்தாள். ம்ஹூம். அவள் தெருமுனை தாண்டுவதற்குள் போன் வந்துவிடும்.

"இன்னைக்கு நாலு மணிக்கு இதே வேலைக்குப் பெரிய கம்பெனி ஆளுங்க வர்றாங்கம்மா," என்று முதலாளி காலையிலேயே போனில் சொல்லியிருந்தார். "அதுக்குள்ள சரி பண்ணிட்டா வருஷ ஒப்பந்தம் உனக்குத்தான். இல்லேன்னா தப்பா எடுத்துக்காதே."

அதனால் இன்று அவள் கருவி எதையும் வெளியே எடுக்கவில்லை. மூலையில் ஸ்டூலைப் போட்டு, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். லிஃப்ட் ஓடினால் எழுதினாள், ஏசி போட்டால் எழுதினாள், ஜெராக்ஸ் மெஷின் முனகினால் அதையும் எழுதினாள். முன்மேஜையில் முதலாளியின் மனைவி டொக், டொக் என்று சரக்குச் சீட்டுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். ஆபீஸ் முழுமைக்கும் அவர் அக்கா. அந்த முத்திரை அவர் கையைவிட்டு வேறு கைக்குப் போனதே இல்லை.

மணி ஒன்றாயிற்று, ஒன்றரையாயிற்று. நெட் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

"நீ முறைச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேல்ல, அதான் பயந்து ஒழுங்கா இருக்கு," என்றார் அக்கா. ஒயர்க்காரிக்குச் சிரிப்பே வரவில்லை.

இரண்டு மணிக்கு முதலாளி வெளிவேலை முடித்து வந்து சேர்ந்தார். மனுஷன் பேசாமல் தன் அறைக்குப் போயிருக்கலாம். போனாரா? அக்காவின் மேஜையோரம் நின்று வாயைத் திறந்தார்.

"என்ன, உன் அண்ணன் புது வீட்டுல சொகுசா இருக்காரா? மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டு வாங்கன்னு சொல்ல மட்டும் மகாராஜாவுக்கு நேரமில்லை!"

அக்கா முத்திரையை ஓங்கிச் சீட்டின் மேல் ஒரு போடு போட்டார். தொம்!

"ஐயோ, போச்சு!" என்று உள்ளேயிருந்து டைப் அடிக்கும் பெண் அலறினாள்.

இரண்டு ஐந்து, முதலாளி, அண்ணன் வீடு, முத்திரை என்று ஒயர்க்காரி எழுதினாள். எழுதியதை ஒருமுறை படித்தாள். உடனே நோட்டை விசிறிப்போட்டுவிட்டு அக்காவின் மேஜைக்கு அடியில் புகுந்தாள்.

மேஜைப் பலகையின் அடியில் ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திருகி வைத்திருந்தார்கள். அதன் கடைசி ஓட்டையில் ரவுட்டரின் பிளக் தொளதொளவென்று தொங்கியது. ரவுட்டர் புதுசு, அடாப்டர் புதுசு, ஆனால் மூன்று முறையும் அதே ஓட்டையில் செருகிவிட்டுப் போன புத்திசாலி அவளேதான்! தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள், பலகையில் இடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு குத்துங்க."

டொக். ரவுட்டரின் விளக்கு அசையாமல் எரிந்தது.

"இப்படி இல்லக்கா. முன்னாடி ஒண்ணு போட்டீங்களே, அந்த மாதிரி."

"கேட்டதும் வர்றதுக்குக் கோபம் என்ன குழாய்த் தண்ணியா?"

ஒயர்க்காரி மேஜைக்கு வெளியே தலையை நீட்டினாள். "சார், நீங்கதான் ஏதாவது சொல்லணும்."

"நான் என்னத்தைச் சொல்ல?" ஒரு மாதமாக வாய் ஓயாத மனிதருக்கு இப்போது வார்த்தை அகப்படவில்லை.

"வழக்கமா சொல்றதுதான் சார்," என்று டைப் அடிக்கும் பெண் எடுத்துக்கொடுத்தாள். "அண்ணன் வீடு."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "அது வந்து... கூப்பிடாத வீட்டுக்கு நான் எதுக்கு..."

தொம்!

மேஜை அதிர்ந்து பிளக் ஒரு நொடி விலகியது, விளக்கு அணைந்தது. ஆபீஸே கொல்லென்று சிரித்தது. முதலாளியும் சிரிக்கத்தான் செய்தார், டைப் அடிக்கும் பெண் தன் பட்டியலைக் கொண்டுவந்து நீட்டும் வரைக்கும். நெட் போன நேரத்தையெல்லாம் அவள் முதல் நாளிலிருந்தே குறித்து வைத்திருந்தாள்.

"நாப்பத்தேழு தடவையா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "ஏம்மா, இத்தனை தடவையா உன்னை நோகடிச்சிருக்கேன்?"

"நான் எண்ணலைங்க," என்றார் அக்கா. அவர் கண் கலங்கியிருந்தது. முதலாளிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஒயர்க்காரி சுவரில் புதிதாக ஒரு பிளக் பாயின்ட் வைத்து ரவுட்டரை அதில் மாட்டினாள். முக்கால் மணி நேர வேலை. அது முடிவதற்குள் முதலாளி இரண்டு போன் பேசிவிட்டார். பெரிய கம்பெனிக்காரர்களை வரவேண்டாம் என்று சொன்னது ஒன்று. இன்னொன்றை எல்லோர் காதிலும் விழும்படி பேசினார்: "மச்சான், ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பீங்களா? நாங்க வர்றோம்."

ஒப்பந்தக் காகிதம் முன்மேஜைக்கு வந்தது. அக்கா முகமெல்லாம் சிரிப்பாக முத்திரையை வைத்து எடுத்தார். பூப்போல வைத்ததில் காகிதத்தில் ஒரு பொட்டு மை கூட ஒட்டவில்லை.

ஒயர்க்காரிக்குப் பதறிப்போயிற்று. "அக்கா, எனக்கு மட்டும் கொஞ்சம் பலமா குத்துங்கக்கா!"

"இனிமே இவர் தயவு இல்லாமலே குத்திப் பழகணும் போல," என்று அக்கா முதலாளியைப் பார்த்துச் சிரித்துவிட்டு முத்திரையை ஓங்கினார்.

தொம்!

எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி ரவுட்டரைப் பார்த்தார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒயர்க்காரி மட்டும் திரும்பவில்லை. மை காயாத அந்த முத்திரையைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.