நர்மதா உட்கார்ந்திருந்த பத்து நாள்

காசைக் கொடுத்து, விமானம் ஏறி, ஒரு கிராமத்துக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார்களா என்பது மோகனசுந்தரத்துக்குப் பிடிபடவே இல்லை. எருத்தேன்பதியில் தென்னந்தோப்பும் மூன்று கறவை மாடுகளும் வைத்திருப்பவர் அவர். மிலானில் வேலை பார்க்கும் மகள் தமிழ்ப்ரியா லீவுக்கு வந்திருந்தாள். திரும்பும்போது அம்மாவையும் கூட்டிப்போய் இத்தாலியில் ஒரு மலைக்கிராமத்துப் பண்ணைவீட்டில் பத்து நாள் தங்கவைக்கப் போவதாகச் சொன்னாள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை, அதற்காகத்தான் போகிறோம் என்றாள்.

"கிராமந்தானே கண்ணு? இங்கயே உக்காரட்டுமே. கெணத்து மேட்டுல கட்டில் போட்டுத் தாரேன்."

"அம்மா இங்க உக்காந்து நீங்க பாத்திருக்கீங்களாப்பா?"

யோசித்துப் பார்த்தார். பால் கறக்க உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறார். அதைச் சொன்னால் வம்பு என்று வாயை மூடிக்கொண்டார்.

மகள் விடவில்லை. போன வருஷம் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வந்த எட்டாம் நாளே அம்மா மாட்டுச்சாளைக்குப் போனதையும், அப்பா பார்த்துக்கொண்டு நின்றதையும் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அது சுருக்கென்று தைத்தது. அந்த ரோஷத்தில்தான், "மாடுகளை நான் பாத்துக்கறேன். நீ போயிட்டு வா" என்று மனைவி நர்மதாவிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு மாடுகள் யார் கை வைத்தாலும் கொடுக்கிற சாதுக்கள். செவலைதான் சிக்கல். நர்மதாவின் கையைத் தவிர வேறு கைக்கு அது பாலை இறக்காது. சினை மாடு, சாயங்காலம் ஒரு வேளைக் கறவைதான். ஆனாலும் வற்றவிட இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

முதல் நாள் செவலை ஒரு டம்ளர் பால் கொடுத்துவிட்டுக் குண்டாவை உதைத்தது. இரண்டாம் நாள் பக்கத்துத் தோட்டத்துக் காளிச்சாமி ஒரு யோசனை சொன்னார். ஊட்டுக்காரம்மாவின் நைட்டியைப் போட்டுக்கொண்டு போனால் மாடு ஏமாந்துவிடும், அவருடைய மச்சான் அப்படித்தான் கறக்கிறாராம். மோகனசுந்தரம் வாசல் கதவைச் சாத்திவிட்டு, பீரோவைத் திறந்து, மடித்து வைத்திருந்த நைட்டிகளில் இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். அங்கேதான் தப்பு நடந்தது. அது துவைத்த நைட்டி. சோப்பு வாசனைக்குச் செவலை என்ன செய்யும்? முழங்காலுக்குக் கீழே ஓர் உதை விட்டது.

மூன்றாம் நாள் மடி கல்லாக இறுகிச் சுடத் தொடங்கியது. மிருகாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்றைக்கும் பாலை எடுக்காவிட்டால் மடிநோய் வந்துவிடும் என்று சொல்லிப் போனார். நர்மதாவிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். சொன்னால் கிடைக்கிற விமானத்தில் ஏறி வந்துவிடுவாள். வந்துவிட்டால் தேவலை என்றும் இருந்தது. அப்படி நினைப்பது அவருக்கே வெட்கமாகவும் இருந்தது.

கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று நான்கு மணிக்குச் செவலைக்கு அடியில் குந்தியபோது போன் அடித்தது. கையெல்லாம் எண்ணெய். முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டிப் போனைத் தீவனத்தொட்டி மேல் வைத்தார்.

"ஏனுங்க, சாப்ட்டீங்களா? செவலை எப்படி இருக்குதுங்க?" என்றாள் நர்மதா.

செவலையின் காது திரும்பியது. அவர் கைக்குள் காம்பு நிறைந்து, குண்டாவில் சொர்ரென்று பால் விழுந்தது. நர்மதா கறக்கும்போதெல்லாம் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள் என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என்ன பேசுகிறாள் என்று அவர் ஒருநாளும் காது கொடுத்ததில்லை.

"நல்லா இருக்குது. கறந்துட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப வெச்சரட்டுங்களா?"

பால் நின்றது.

"வெக்காதே, வெக்காதே! என்ன பண்றே அங்க? சொல்லு."

நர்மதா கொஞ்சம் தயங்கினாள். இவர் இப்படிக் கேட்கிறவர் இல்லை.

"மேசையில உக்காந்திருக்கேனுங்க. இங்க மணி பன்னெண்டரை. சாப்ட்டு எந்திரிக்க ரெண்டரை ஆயிருமுங்க."

"ரெண்டு மணி நேரம் அப்படி என்ன திங்கறீங்க?"

"கொஞ்சந்தானுங்க. ஒரு வட்டல் வரும். அது தீந்து, பேசிச் சிரிச்சுப் பொறவுதான் அடுத்த வட்டல் வருது. மொத நாளு நான் எந்திரிச்சு வட்டலைக் கழுவப் போயிட்டேன். இந்தப் பண்ணை ஊட்டுக்காரம்மா கையைப் புடிச்சுக் கூட்டியாந்து திரும்ப உக்கார வெச்சுட்டாங்க."

"பொறவு?"

"பொறவு என்னங்க, உக்காந்தேன்."

பால் வந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து தினமும் நான்கு மணிக்குப் போன் வரும். இவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு "பொறவு?" என்பார். மத்தியானம் அந்த ஊரே கடைகளைச் சாத்திவிட்டுத் தூங்குகிறதாம். ரொட்டி வாங்கப் போனால் கால் மணி நேர நடைக்கு ஒரு மணி நேரம் ஆகிறதாம், போகிற வழியில் எல்லாவற்றையும் நின்று நின்று பார்ப்பதால். பகலில் படுத்தாளாம், படுத்ததும் தூங்கிவிட்டாளாம், யாரும் எழுப்பவில்லையாம். எதிர்மலை காலையில் நீலமாக இருக்கிறது, மத்தியானம் பச்சையாகிறது, பொழுது இறங்கினால் செம்மண் நிறம் என்றாள் ஒருநாள். மோகனசுந்தரம் கறந்து முடித்துவிட்டு வெளியே வந்து வாளையார்ப் பக்கத்து மலையைப் பார்த்தார். அது மலை நிறத்தில்தான் இருந்தது.

செவலையின் மடி இளகிவிட்டது. பாதிப் பேச்சு அவர் காதில் விழாது. குண்டாவைப் பார்த்துக்கொண்டே, அவள் நிறுத்துகிற இடத்தில் சரியாக ஒரு "பொறவு" போட்டுவிடுவார்.

எட்டாம் நாள் நர்மதா எடுத்த எடுப்பில், "ஒண்ணு சொன்னாச் சிரிக்கக் கூடாதுங்க" என்றாள்.

"சொல்லு."

"இந்த ஊர்ல உனக்கு என்ன புடிச்சுதுன்னு நேத்துத் தமிழ்ப்ரியா கேட்டா. மலையின்னேன், வெயிலுன்னேன். அதெல்லாஞ் சும்மாங்க. நாலு நாளா ஒண்ணொண்ணையும் பாக்கறப்ப, இதெ அவருகிட்டச் சொல்லோணும், அதெ அவருகிட்டச் சொல்லோணும்னுட்டேதான் பாக்கறேன். நீங்கதான் பொறவு, பொறவுன்னு கேக்கறீங்களே."

அவர் கை நின்றது.

"கல்யாணமாகி இருவத்தாறு வருசத்துல நீங்க என்னெ அப்படிக் கேட்டதே இல்லீங்க. நான் என்னமோ, எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு நெனச்சுட்டேன்."

பாலுக்காகத்தான் கேட்டேன் என்று உண்மையைச் சொல்லிவிட மோகனசுந்தரம் வாயைத் திறந்தார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு சொல்ல மனசு வரவில்லை. செவலை பாலை முழுசாகக் கொடுத்துவிட்டு வைக்கோலை இழுத்துத் தின்னத் தொடங்கியிருந்தது. மடி தொளதொளவென்று காலியாக இருந்தது. இனி அவள் பேசி ஒன்றும் ஆகவேண்டியதில்லை.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து காளிச்சாமி, "மோகனா, பால் சொசைட்டி சாத்தற நேரமாச்சு, வா போலாம்!" என்று கத்தினார்.

"ஆளு கூப்பிடறாங்களா? போயிப் பாலை ஊத்துங்க. நான் வெச்சர்றேன்" என்றாள் நர்மதா.

போ என்று காளிச்சாமிக்குக் கையைக் காட்டினார். குண்டாவைத் தள்ளி வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்தார். தொட்டி மேலிருந்த போனை எடுத்து, ஸ்பீக்கரை அணைத்து, காதோடு வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பொறவு?" என்றார்.