தறியை நிறுத்திவிட்டு

தவக்காலத் தியானத்துக்குப் போய்வந்த நாள் முதல் ராயப்பனுக்குத் தாழ்ச்சி பிடித்துக்கொண்டது. அவர் மனைவி மரியபுஷ்பம் அதை அப்படித்தான் சொன்னாள், காய்ச்சல் பிடித்ததைச் சொல்வதுபோல.

குமாரபாளையத்தில் சொந்தமாகத் தறிப்பட்டறை வைத்திருக்கிற மனிதர், வீட்டில் நாற்காலி இருக்கத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு எழ முடியாமல் அவளைக் கைகொடுக்கச் சொன்னார். பாயில் படுத்தார், இடுப்புக்குத் தைலம் தேய்த்தது அவள்தான். கோவிலில் வாசற்படி ஓரமாகக் குந்தினார். உள்ளே வருகிறவர்கள் அவர் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். "முன்னால வாங்கண்ணா" என்று யாராவது கூப்பிட்டால், "நான் பாவிங்க, இங்கயே இருந்துக்கறேன்" என்று கைகூப்புவார். பூசை முடிவதற்குள் அத்தனை சனமும் அவரைப் பார்த்திருக்கும்.

இதையெல்லாம் மரியபுஷ்பம் பொறுத்துக்கொண்டிருப்பாள். கலைமணி விஷயம்தான் அவளுக்கு ஆறவில்லை.

கலைமணி பட்டறையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள். தை மாதத்தில் ஒரு மூட்டை நூல் கோன் காணாமல் போனது. ராயப்பன் எல்லோரையும் வைத்துக்கொண்டு அவள் பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினார். சோற்றுப் போசியும் சீப்பும் மகளுக்கு வாங்கிய மாத்திரை அட்டையும் விழுந்தன. நூல் இல்லை. எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை. அடுத்த வாரம்தான் ராயப்பனுக்கு ஞாபகம் வந்தது. பவானியில் தெரிந்தவர் ஒருவர் அவசரமென்று கேட்க, அந்த மூட்டையை ராயப்பனே கொடுத்தனுப்பியிருந்தார். மனைவியிடம் மட்டும் சொன்னார். பட்டறையில் மூச்சு விடவில்லை.

"போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க" என்று மரியபுஷ்பம் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள்.

"பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன் புள்ள. ஆண்டவர் மன்னிச்சுட்டாரு."

"நீங்க கொட்டுனது ஆண்டவரோட பையவா?"

"என்னைய மாதிரிப் புழுவத் திட்டி என்ன ஆகப்போவுது?" என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வார். அப்படி நிற்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? அவள் பாத்திரங்களை உருட்டுவாள்.

குருத்து ஞாயிறன்று பூசை முடிந்ததும் பங்குத்தந்தை ராயப்பனைக் கூப்பிட்டார். "பெரிய வியாழக்கிழமை நான் பாதம் கழுவுற சடங்குக்கு, சீடர்கள் இடத்துல உட்கார்ற பன்னிரண்டு பேர்ல நீங்களும் இருக்கணும்."

"ஐயோ ஃபாதர், எனக்கென்ன தகுதி இருக்குதுங்க?" குருத்தோலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார் ராயப்பன்.

"உங்களுக்கில்லாத தகுதியாண்ணா" என்றாள் பாட்டுக் குழுவின் வினோலியா. சுற்றி நின்றவர்களும் ஆமோதித்தார்கள். ராயப்பனின் கண் கலங்கியது. இன்னும் கொஞ்சம் வற்புறுத்தட்டும் என்று காத்திருக்கிற முகம் அது. மரியபுஷ்பத்துக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

"அவரு சொல்றது நெசந்தானுங்க ஃபாதர்" என்றாள். "தகுதி இல்லீங்க. வேற ஆளப் பாத்துக்குங்க."

ராயப்பனின் காதெல்லாம் சிவந்துபோனது.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தார். "எல்லார்த்து முன்னாலயும் என்ன பேச்சுப் பேசிப்போட்ட!"

"நீங்க சொன்னதத்தானுங்க நானும் சொன்னேன்."

"நான் சொல்லலாம். நீ சொல்லலாமா?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை. மறுநாள் காலையில், "கெளம்பு, கலைமணி ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

கலைமணி அவர்களை உட்காரச் சொல்லவில்லை. ராயப்பன் கைகூப்பினார். "கலைமணி, நான் பெரிய பாவி. மனுசன்னு சொல்லிக்கவே லாயக்கில்லாத..."

"அதெல்லாம் எனக்கெதுக்குங்க? நூல் என்னாச்சு?"

"நாந்தான் குடுத்தனுப்பிச்சேன். மறந்துட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"அடுத்த வாரமே."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா? இந்தச் சந்துல எம்புள்ளையத் திருடி மகள்னு கூப்புடறாங்க!" கலைமணியின் குரல் ஏறியது. பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. அவள் நிறுத்தவில்லை. ராயப்பன், "அது வந்து, அன்னிக்கு இருந்த டென்ஷன்ல..." என்று ஆரம்பித்து மனைவியைப் பார்த்தார். மரியபுஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் வாயை மூடிக்கொண்டு மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார்.

"இங்க வந்து சொன்னா ஆச்சுங்களா?" என்றாள் கலைமணி கடைசியில். "கொட்டுன எடத்துல சொல்லுங்க."

மூவரும் பட்டறைக்கு வந்தார்கள். தறிச் சத்தத்தில் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. ராயப்பன் நடுவில் நின்று என்னவோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது, அவ்வளவுதான். தறி ஓட்டும் முருகானந்தம் என்னவென்று கையால் கேட்டான். மரியபுஷ்பத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கலைமணி அவர் காதருகே போய்க் கத்தினாள்: "தறிய நிறுத்திட்டுச் சொல்லுங்க!"

அவரே ஒவ்வொரு தறியாகப் போய் நிறுத்தினார். கடைசித் தறியும் நின்றபோது எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த நூல நாந்தான் பவானிக்குக் குடுத்தனுப்பிச்சேன். கலைமணி எடுக்கல. தெரிஞ்சும் உங்ககிட்டச் சொல்லாம இருந்துட்டேன்." பாவி, புழு என்ற பேச்செதுவும் வரவில்லை.

"நாங்களும் அன்னிக்கு வேடிக்க பாத்துட்டுத்தானுங்க நின்னோம்" என்றான் முருகானந்தம், கலைமணியைப் பார்க்காமல்.

கலைமணி தலையாட்டினாள். "இது போதுமுங்க. ஆனா திரும்ப இங்க வேலைக்கு வரமாட்டேன். அதையும் சொல்லிப்போடறேன்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ராயப்பன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் திரும்பி வருவாள் என்று நினைத்திருந்தார் போல.

"வரமாட்டாளாமா" என்றார்.

"அவ இஷ்டமுங்க."

"ஆமா புள்ள. அவ இஷ்டந்தான்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு மரியபுஷ்பத்துக்கு அவரிடம் மேற்கொண்டு கேட்க எதுவும் இல்லை.