கதவுக்கு முதுகு காட்டியவள்

தூபாவின் அக்கா முலூக்கைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போய்ப் பதினோரு நாளாகிவிட்டது. நாளைக் காலையில் கெர்மானுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே போனால் தூக்குத்தான் என்று ஈரானின் யஸ்த் நகரம் முழுக்கப் பேச்சு.

அந்தக் கோடையில் நான்கு விதவைகள் செத்திருந்தார்கள். நான்கு பேரும் தனிக்கட்டைகள். ஊரே படுத்துக் கிடக்கும் நண்பகலில்தான் எல்லாம் நடந்தது. கழுத்தைச் சுற்றி நூல் பிடித்தாற்போல ஒரு சிவப்புக் கோடு. கையில் கிடந்த காப்பு இல்லை. முலூக்குக்குத் தொழிலே வீடு வீடாகப் போய்ப் பெண்களின் முகத்தில் நூல் போட்டு முடி எடுப்பது. ஊருக்கு அது போதாதா?

அதற்கு மேல் சாட்சி வேறு. நாலு வீட்டிலும் கேட்டது கதவு வளையத்தின் சத்தம் என்றார்கள் அக்கம்பக்கத்தார். கதவில் தொங்கும் கனத்த தண்டு ஆண்கள் தட்ட, மெல்லிய வளையம் பெண்கள் தட்ட. வளையம் கிணுகிணுத்தால் உள்ளே இருப்பவள் முக்காட்டைத் தேடாமல் வந்து திறப்பாள். எந்த ஆணும் அந்த வளையத்தைத் தொடமாட்டான். அதைவிடக் கேவலம் அவனுக்கு வேறில்லை. சந்தில் கறுப்புச் சாதர் போர்த்திய ஒருத்தியைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஆகவே பெண்தான் என்று அதிகாரி முடிவு கட்டினார். தூபாவும் அப்படித்தான் நம்பினாள். அக்கா இல்லை, வேறு எவளோ ஒருத்தி. எவள்? பொதுக் குளிப்பறையில், ரொட்டிக் கடையில் எதிர்ப்படும் ஒவ்வொரு பெண்ணின் கையையும் உற்றுப் பார்த்தாள்.

அன்று நண்பகல் வீட்டில் தனியாக, மொட்டைமாடியில் கத்தரி வற்றல் பரப்பிக்கொண்டிருந்தாள். கீழே வளையம் கிணுங்கியது.

பழக்கதோஷம், "வர்றேன், இருங்க" என்று குரல் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் நண்பகல் என்பது உறைத்தது. கைப்பிடிச் சுவரின் ஓட்டை வழியாகக் கீழே பார்த்தாள். கறுப்புச் சாதர். தலையோடு கால் மூடிய உருவம். பெண்தான்.

ஆனால் அந்த உருவம் சந்தைப் பார்த்து நின்றது. கதவுக்கு முதுகு. பெண் என்றால் தெருவின் கண்ணுக்குத் தப்ப, கதவோடு ஒட்டிக்கொண்டல்லவா நிற்பாள்? திறக்கும்போது உள்ளே பார்வை விழக்கூடாதென்று திரும்பி நிற்பது ஆண்பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுக்கிற மரியாதை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கை பின்னால் நீண்டு, திரும்பாமலே வளையத்தை மறுபடி ஆட்டியது.

பேசாமல் இருந்தால் போய்விடுவான், அவள் பிழைப்பாள். நாளைக்கு அக்கா போய்விடுவாள்.

"சாதரு தேடுறேன், ஒரு நிமிஷம்" என்று கூவிவிட்டு, மாடிக்கு மாடி தாவிப் பக்கத்து வீட்டு நெசவாளர் உஸ்தாத் மாஷால்லாவிடம் இறங்கினாள். அவரும் தம்பிகள் இருவரும் தறியில் இருந்தார்கள். மூச்சு வாங்கச் சொன்னாள். அவர் தறியை நிறுத்தவே இல்லை.

"ஆம்பள வளையத்தத் தொடுறதாவது. அக்காவ நெனச்சு நெனச்சு உனக்குப் புத்தி பெசகிருச்சும்மா."

"கதவுக்கு முதுகக் காட்டிட்டு நிக்கிறாண்ணே. அண்ணி என்னிக்காவது அப்படி நின்னிருக்காங்களா?"

தறி நின்றது. மூன்று பேரும் சத்தம் வராதபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறினார்கள்.

அவளுடைய முற்றத்து அறையில், திரைக்குப் பின்னால் அவர்கள் மறைந்துகொண்டார்கள். கதவை அவள்தான் திறக்க வேண்டும். தாழ்ப்பாளை இழுத்தாள்.

உருவம் உள்ளே வந்தது. தானே தாழ்ப்பாளைப் போட்டது. அவள் திரையை நோக்கிப் பின்வாங்கினாள். சாதர் நழுவியது. பஞ்சு அடிக்கிற ஷுக்ருல்லா. போன மாதம் இதே முற்றத்தில் உட்கார்ந்து அவள் மெத்தைக்குப் பஞ்சு அடித்தவன். தேநீர் வாங்கிக் குடித்தவன். கையில் பஞ்சு அடிக்கும் வில்லின் நரம்பு.

"கத்தாத தூபா. அக்கா பண்ணின அவமானத்துல நீயே சுருக்குப் போட்டுக்கிட்டன்னுதான் ஊரு சொல்லும்" என்றான், கூலி பேசுகிற குரலில்.

நரம்பு கழுத்தில் பட்டுவிட்டது. அதற்குள் திரை கிழிந்தது. மூன்று பேர் சேர்ந்தும் அவனை அமுக்குவதற்குள் முற்றத்துத் தொட்டியின் நீர் பாதி வெளியே கொட்டிவிட்டது. அவன் இடுப்புத் துணியில் இரண்டு காப்புகள் இருந்தன. ஒன்றைப் பார்த்ததும் மாஷால்லா சுவரைப் பிடித்துக்கொண்டார். அது செத்த நால்வரில் ஒருத்தியான அவருடைய சித்தியுடையது.

காவல்நிலையத்தில் ஷுக்ருல்லா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். தாள்களில் முத்திரை விழப் பிற்பகலாகிவிட்டது. முலூக்கை வெளியே விட்டார்கள். மெலிந்து, கண் கூசி நின்றவள் தங்கையை மேலிருந்து கீழே பார்த்தாள். கழுத்துக் கோட்டைப் பார்த்தாள்.

"என்னடி இது, இந்த வெயில்ல வெறுங்காலோடயா வந்த?"

அப்போதுதான் தூபாவுக்குப் பாதம் எரிந்தது.