திருப்பி வைக்காத படிகம்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். எங்காவது எனக்குச் சாதகமாக வளைத்து எழுதுகிறேனோ என்ற சந்தேகமும் இருக்கிறது.

வியாழக்கிழமை. ரமலான் என்பதால் ஆய்வு மையத்தின் பேருந்து மூன்று மணிக்கே ஜோர்டான் தலைநகர் அம்மானுக்குக் கிளம்பிவிடும். நான் உதவியாளராக இருக்கும் டாக்டர் ருதைனாவின் படிகம் கருவிக்குள் இருந்தது. வலமாகச் சுழலும் ஒளியை ஒருமுறை, இடமாகச் சுழலும் ஒளியை ஒருமுறை பாய்ச்சி, வெளியே வரும் எலக்ட்ரான்களை எண்ணினேன். இரண்டுக்கும் நான்கு சதவீத வித்தியாசம். எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாகத் திருகியிருப்பதற்கு அது அடையாளம். ஆனால் படிகத்தை வைத்த கோணத்தாலும் அப்படி ஒரு வித்தியாசம் வரலாம். அதனால் படிகத்தை அரை வட்டம் திருப்பி மறுபடி அளக்க வேண்டும். உண்மையான திருகு மாறாது. கோணத்தால் வந்த பொய் என்றால் குறி மாறிவிடும்.

அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். மணி இரண்டரை. அக்கா வீட்டில் இஃப்தார். ‘திருப்பி அளந்தேன், அதே வித்தியாசம்’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் பேருந்தில் ஏறினேன், நோன்பு வாயோடு.

ஞாயிறு காலை ருதைனா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“வா நவ்ராஸ்! நீ திருப்பிப் பாத்த தைரியத்துலதான் செவ்வாய்க்கிழமை கருத்தரங்குல பேசப்போறேன். இது நல்லா போனா எனக்கு வேலை நிரந்தரம். ஏன்டி மூஞ்சி தொங்குது? காபி இல்லாத ஏக்கமா?”

“டாக்டர்... நான் திருப்பல.”

“எத?”

“படிகத்த. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. சும்மா எழுதிட்டேன்.”

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“இப்ப அளந்துடலாமே டாக்டர்?”

“யார் கருவியில? நம்ம முறை முடிஞ்சு எகிப்துக்காரங்க உக்காந்தாச்சு. இனி ஆறு மாசம் கழிச்சுத்தான்.”

“அப்ப அந்த வித்தியாசம் பொய்யா?”

“பொய்னு தெரிஞ்சாகூட நிம்மதியா இருக்கும். உண்மையாவே இருந்தாலும் இப்ப வாயத் திறக்க முடியாதே.”

என் எதிரிலேயே கருத்தரங்குக்காரர்களைக் கைபேசியில் அழைத்தார். “என் பேச்ச எடுத்துடுங்க. சரிபாக்காம அனுப்பிட்டேன். ஆமா, என் தப்புதான்.”

என் பெயரே வரவில்லை. நான்தான் என்று குறுக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நன்றியோடு நின்றேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் முதலில் தோன்றியது, தப்பித்தேன் என்பதுதான்.