அலாரத்துக்கு முன்னால்

...இல்லை, இன்னும் அடிக்கவில்லை, அடித்திருந்தால் கேட்டிருக்கும், நான்தான் முழித்துக்கொண்டு கிடக்கிறேனே, அதிசயமாக, அலாரத்துக்கும் முன்னால், ஒரு வாரமாகச் சாயங்காலக் காபியை விட்டு, படுக்கையில் போனைத் தொடாமல், சீக்கிரமே விளக்கை அணைத்துவிட்டு மல்லாந்து கிடந்து மேலே ஃபேனை முறைத்ததற்குக் கிடைத்த பலன், அதற்குள் எத்தனை பேர், எத்தனை யோசனை, லேபில் கூட வேலை பார்ப்பவள் வெந்நீரில் காலை வைத்துவிட்டுப் படு என்றாள், அண்ணன் போனில் கூப்பிட்டு அலாரத்தை எட்டாத இடத்தில் வை, எழுந்து நடந்தால்தான் தூக்கம் கலையும் என்றான், அவன் பத்து மணிக்கு முன்னால் எழுந்ததாகச் சரித்திரமே கிடையாது, இருந்தாலும் கேட்டுத் தொலைத்தேன், போனைக் கொண்டுபோய்க் கூடத்தில் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன், அங்கேதான் வந்தது வினை.

கூடத்தில்தான் அப்பா படுக்கிறார். அலாரம் அடிக்கவே அடிக்காமல் நான் லேட்டாகப் போய்க்கொண்டிருந்தபோது, போன்தான் கெட்டுவிட்டது என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும், "போன் நல்லாத்தான் இருக்கு மேடம், வீட்ல யாரோ ஆஃப் பண்றாங்க" என்று கடைக்காரன் சிரிக்கிறான், யாரோ என்றால் யார், அம்மா போன பிறகு வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர், கேட்டால் இந்த மனுஷன் மறுக்கவாவது வேண்டாமா, "ஆமாம்மா, நான்தான். அசந்து தூங்குற, எழுப்ப மனசு வரல." மனசு வரலையாம்! எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. லேபில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் மனசு என்ன ஆகுமாம், சர்க்கரை டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றோடு வந்து, ரத்தம் எடுக்க நான் எப்போது வருவேன் என்று கதவையே பார்த்துக்கொண்டு... போன திங்கட்கிழமை ஒரு பெரியவர் காத்திருந்தே மயங்கிச் சாய்ந்துவிட்டார், நான் மூச்சிரைக்க உள்ளே நுழையும்போது யாரோ அவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார்கள், என்னால் அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. லேப் இன்சார்ஜ் அம்மாள், நாங்கள் சுவர்க்கடிகாரம் என்று பேர் வைத்திருக்கிறோம், அவள் கத்தக்கூட இல்லை, "இன்னொரு தடவ லேட்டா வந்தா, அப்புறம் நீ வீட்லயே நிம்மதியா தூங்கலாம்மா." நேற்று சாப்பிடும்போது இதை ஒன்று விடாமல் அப்பாவிடம் சொன்னேன், "வேலை போயிடும்ப்பா, புரியுதா இல்லையா?" சமர்த்தாகத் தலையாட்டினார், "இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன்." நம்பினேன், வேறு என்ன செய்வது?

செருப்புச் சத்தம். ரப்பர் செருப்பு, தேய்த்துத் தேய்த்து... தண்ணீர் குடிக்கவா, இல்லை, ஃப்ரிட்ஜ் கதவு திறக்கவில்லை, மேலே கை போகிறது, போன் தகரத்தில் உரசுகிறது, அடப்பாவி அப்பா, நேற்றுத்தானே சொன்னீர்கள்! இப்போதே எழுந்து போய்க் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், எப்போதும் முதல் டிரிப், பிடுங்கி எடுக்கும் அலாரத்துக்கு எழுந்தே ஆயுசைக் கழித்தவர், அந்தக் கோபத்தை என் போனிலா தீர்த்துக்கொள்வது? பள்ளிக்கூட நாட்களில் நான் கண் விழிக்கும்போது இவர் வீட்டில் இருந்ததே இல்லை, ராத்திரி வரும்போது நான் தூங்கிவிட்டிருப்பேன், ஞாயிற்றுக்கிழமை அப்பா என்று அம்மா கேலி செய்வாள்... சத்தம் இந்தப் பக்கம் வருகிறது, வரட்டும், நன்றாகக் கேட்கிறேன் நாலு வார்த்தை, வாசலில் நிற்கிறார், உள்ளே வருகிறார், போர்வைக்கு வெளியே கிடக்கும் என் காலை மூடுகிறார், ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுகிறார், இருட்டில் தடுமாறாமல், எவ்வளவு பழகிய கை, இது இந்த மாதம் பழகியதாகத் தெரியவில்லையே, அப்படியானால் அப்போதெல்லாம்... பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்னால்... தினமும் இப்படித்தானா, நான் தூங்கும்போது, எனக்குத் தெரியாமலே? எழுந்திருடி, பெஞ்சில் ஆள் வந்திருக்கும், எழுந்து கத்து, வேலை போய்விடும், கத்தத்தான் வேண்டும், ஆனால் கண்ணைத் திறந்தால் பார்த்துவிடுவார், கூசிப்போய்விடுவார், நாளைக்கு வர மாட்டார். கட்டில் பக்கத்திலேயே இன்னும் நிற்கிறார், நான் தூங்குகிறவள் மாதிரி மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறேன்.